பழைய காரின் முன்பக்கம் நடுங்குகிறதா, 'லொடக்' என்கிறதா? சாமான் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

என்னுடையது 1998ஆம் ஆண்டு டொயோட்டா 110 கொரோலா. போன வருடம் அதன் முன்பக்கத்துக்கு இரண்டு வருத்தம் ஒன்றாக வந்தது. திருகோணமலை நிலாவெளி வீதியில் மெதுவாகப் போனால் இடப்பக்கத்திலிருந்து 'லொடக், லொடக்'. கொழும்புக்குப் போகும்போது குருணாகல்–மீரிகம அதிவேகப் பாதையில் 90ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது.

இரண்டும் ஒரே வருத்தம் என்று நினைத்ததுதான் நான் விட்ட பிழை. காட்டிய கராஜில் "சொக் போய்ட்டுது, மாத்தினா எல்லாம் சரி" என்றார்கள். முன் சொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினேன். கூலியோடு 46,000 ரூபாய். அன்று பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போதே, சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறுமுன் அதே 'லொடக்'. அதற்குப் பிறகு அலைன்மென்ற் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டு தரம், பலன்சிங் (சில்லின் பாரத்தைச் சுற்றிலும் சமப்படுத்துவது) இரண்டு தரம். ஐந்து வாரம் அலைந்த பிறகுதான் பிடிபட்டது: சத்தம் இடப்பக்க லிங்க் ரொட்டில் (கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி), நடுக்கம் றிம்மின் நடு ஓட்டையில். இரண்டையும் சரிசெய்ய 16,000 ரூபாய்கூடப் போகவில்லை.

முதன்முதலாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கும், கராஜில் போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முன் சில்லு இழுக்கும் ஜப்பான் கார்களுக்கு, அதாவது கொரோலா 110, 121, நிசான் சனி, லான்சர் போன்றவற்றுக்கு, இது அப்படியே பொருந்தும். டொல்பின் (டொயோட்டா ஹைஏஸ்) வான்காரர்களுக்கு முன்பக்க அமைப்பே வேறு. ரயர் பற்றிய பகுதி மட்டும் உதவும்.

1. கொப்பியில் எழுதுங்கள், நடுக்கம் வேறு சத்தம் வேறு

நடுங்குவது பெரும்பாலும் சுழலும் பொருள்: ரயர், றிம், பிறேக் டிஸ்க், டிரைவ் ஷாப்ட் (சில்லைச் சுழற்றும் தண்டு). 'லொடக்' என்பது பெரும்பாலும் ஆட்டம் கண்ட மூட்டு: லிங்க் ரொட், போல் ஜொயின்ற் (குண்டு மூட்டு), புஷ் (மூட்டில் உள்ள றப்பர்), சொக்கின் மேல் மவுன்ற். ஒரு காரில் இரண்டும் சேர்ந்து வரலாம், ஆனால் காரணம் தனித்தனியாக இருக்கும். ஆகவே ஒரு பக்கத்தில் நடுக்கம், மறுபக்கத்தில் சத்தம் என்று எழுதுங்கள். எந்த வேகம், நேராகப் போகும்போதா திரும்பும்போதா, பிறேக் பிடித்தாலா அக்ஸிலேட்டர் மிதித்தாலா, சூடான பிறகா காலையிலேயா. ஓடிய கிலோமீற்றரையும் திகதியையும் போட்டு வையுங்கள். இந்த ஒரு தாள்தான் பிறகு கராஜில் உங்களுக்காகப் பேசும்.

எழுதுமுன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜக், ஸ்பெயார் சில்லு, சில்லுச் சாவி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் தேடிய சத்தம், சீட்டுக்கடியில் உருண்ட தேங்காய்.

2. ஓட்டிப் பார்க்கும் பாதை

ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் ஓடுங்கள். பாதை மாறினால் காது ஏமாற்றும். நான் வைத்துக்கொண்டது இது: காலை ஆறு மணிக்கு, ஜன்னல் எல்லாம் திறந்து, ஏசியும் றேடியோவும் நிறுத்தி, சுவருக்குப் பக்கத்தில் போகும் ஒரு உள்வீதியில் 15, 20 வேகம். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று நன்றாகக் காட்டும். பின் கந்தளாய்ப் பக்கம் ஏ6 வீதியில் நேரான ஒரு துண்டு. பின்சீட்டில் இன்னொருவர் இருந்தால் நல்லது, ஓட்டுபவருக்கு எப்போதும் ஸ்டியரிங் பக்கமே கேட்கும்.

ஊருக்குள் 50, வெளியே 70 என்பதுதான் சாதாரண வீதியில் காருக்குச் சட்டம். 80க்கு மேல் வரும் நடுக்கத்தைச் சோதிக்க கந்தளாய் வீதியில் மிதிக்கப் போய் தண்டப்பணத் துண்டோடு வராதீர்கள். 65, 70இல் மெல்லிய நடுக்கம் இருக்கிறதா என்று கவனித்தால் போதும். மீதியை அதிவேகப் பாதைக்குப் போகிற நாளில் பார்க்கலாம். ஓடும்போது வருமான அனுமதிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டியிருக்கட்டும், காப்புறுதி அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை:

ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லு. சீட்டும் தரையும் நடுங்கினால் பின் சில்லைச் சந்தேகியுங்கள்.

பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சத் தடிப்பு அடித்திருக்கும். அதற்கு மேலே இருந்தால் லேத்தில் கடைந்து எடுக்கலாம், கீழே போய்விட்டால் புதிது.

அக்ஸிலேட்டர் மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாப்டின் உள்பக்க சிவி ஜொயின்ற் (ஷாப்டின் வளையும் மூட்டு). முழுதாகத் திருப்பி மெதுவாகப் போகும்போது 'டக் டக் டக்' என்றால் வெளிப்பக்க ஜொயின்ற்.

வேகம் கூடக் கூட 'ஊஊ' என்ற முனகல் கூடினால் வீல் பெயாரிங். வலப்பக்கம் வளையும்போது முனகல் பெரிதானால் இடப்பக்க பெயாரிங், இடம் வளையும்போது பெரிதானால் வலது. பாரம் வெளிப்பக்கச் சில்லுக்குப் போவதால் இப்படி.

நின்றபடி டி கியரில் பிறேக் மிதித்திருக்கும்போது கார் முழுவதும் உதறினால் முன்பக்கத்தைத் தோண்டவே வேண்டாம். என்ஜின் மவுன்ற் பாருங்கள்.

3. நடுக்கம்: காசில்லாமல் செய்யக்கூடியது முதலில்

ரயர் காற்றை, ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உண்டு. ரயர் கடைக்காரர் தன் வழக்கத்துக்கு அடிக்கும் கணக்கை நம்ப வேண்டாம்.

அடுத்து ரயரின் வயது. பக்கச் சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது கிழமை. பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். வெயிலில் நின்ற காரின் ரயர் ஓடாமலே கெட்டுப் போகும். கையை விரித்து ரயர் மேல் சுற்றிலும் தடவுங்கள். எங்காவது மேடு தட்டினால், பக்கச் சுவரில் முட்டை போல வீங்கியிருந்தால், அந்த ரயர் முடிந்தது. உள்ளே கம்பிப் படை பிரிந்த ரயர், 30, 40 வேகத்திலேயே காரைத் தாலாட்டும்.

பிறகு முன் சில்லு இரண்டையும் பின்னுக்கு மாற்றிப் போட்டு அதே பாதையில் ஓடுங்கள். ஸ்டியரிங் நடுக்கம் சீட்டுக்குப் போனால் குற்றம் சில்லில், ஸ்டியரிங்கிலேயே நின்றால் டிஸ்க், ஹப் (சில்லு பூட்டும் நடுப்பகுதி), ஷாப்ட் பக்கம். ஒரு ஜக்கும் ஒரு மணித்தியாலமும் போதும். இதைச் செய்யாமல் இரண்டு தரம் பலன்சிங்குக்குக் காசு கொடுத்தவன் நான்.

இப்போது என் றிம் கதை. முந்தின சொந்தக்காரர் அழகுக்காக அலோய் றிம் போட்டிருந்தார். கொரோலா ஹப்பின் நடுவிட்டம் 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலோய் றிம் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வர வேண்டும். என்னுடையதில் இல்லை. வளையம் இல்லாவிட்டால் சில்லு ஹப்பின் நடுவில் உட்காராமல் நட்டுகளில் தொங்கும், ஒரு மயிரிழை விலகினாலும் வேகத்தில் நடுங்கும். பலன்சிங் மெஷினில் சில்லைக் கூம்பு வைத்து நடுவில் பிடிப்பதால் அங்கே எல்லாம் பூச்சியம் காட்டும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, சில்லு சரிதான். காரில் ஏறியதும்தான் பிழை. நாலு வளையம் கொழும்பிலிருந்து வந்தது, 4,200 ரூபாய்.

நட்டையும் பாருங்கள். டொயோட்டாவின் சொந்த அலோய் றிம்முக்கு வருவது தட்டை வோஷர் உள்ள நட்டு. ஸ்டீல் றிம்முக்கும், வெளிக்கடை அலோய்களில் பெரும்பாலானவற்றுக்கும் கூம்பு முனை நட்டு. மாறிப் போட்டிருந்தால் சில்லு சரியாக உட்காராது. இறுக்கும்போது எதிரெதிராக, கையால் முதலில், பின் டோர்க் சாவியால் 103 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்க விடாதீர்கள்.

4. சத்தம்: நிறுத்தி வைத்துப் பிடிப்பது

கார் தரையில் நிற்கட்டும், என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், பார்க்கில் போடக்கூடியதென்றால் பார்க்கில், ஹாண்ட் பிறேக் இழுத்து, பின் சில்லுக்கு முட்டுக் கல். ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து, சில்லுக்குப் பின்னால் கையை விட்டு, ரை ரொட் எண்டை (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) பிடியுங்கள். ஆட்டம் இருந்தால் விரலில் தட்டும். பொனற்றைத் திறந்து சொக்கின் தலையில் இன்னொரு கை வையுங்கள். திருப்பும்போது அங்கே 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் மவுன்ற் பெயாரிங்.

சின்னச் சின்னக் கற்களில் மட்டும் வரும் சத்தம், பிறேக்கை மெல்லத் தொட்டதும் நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே அல்ல. டிஸ்க்கைப் பிடிக்கும் பிறேக் கலிப்பரோ, அதற்குள் இருக்கும் பிறேக் பாடோ தளர்ந்து துள்ளுகிறது. கலிப்பர் பின், கிளிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறேக் பிடித்து நிற்கும்போதும் புறப்படும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோவர் ஆம் (சில்லைக் கீழே பிடிக்கும் கை) புஷ் அல்லது என்ஜின் மவுன்ற்.

5. ஜக் அடித்து ஆட்டிப் பார்ப்பது

சமதரை. ஜக்கை மட்டும் நம்பி உள்ளே கை, தலை போடக் கூடாது. ஜக் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். கடற்கரை ஓரத்து வீடுகளில் இன்னொரு வில்லங்கம், மணலில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை போடுங்கள்.

சில்லை மேலும் கீழும் பிடித்து, மணிக்கூட்டில் 12உம் 6உம் இருக்கும் இடத்தில், தள்ளி இழுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிறேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் பெயாரிங், போகாவிட்டால் கீழ் போல் ஜொயின்ற். பிறகு 9உம் 3உம் இருக்கும் இடத்தில். இங்கே ஆட்டம் என்றால் ரை ரொட் எண்ட் அல்லது அதே கம்பியின் உள்முனையில் இருக்கும் ரக் எண்ட். போல் ஜொயின்றை உறுதிப்படுத்த, சில்லுக்கடியில் அலவாங்கை விட்டு மெல்லக் கிளப்பி, ஜொயின்றைக் கண்ணால் பாருங்கள்.

போல் ஜொயின்றிலோ ரை ரொட்டிலோ ஆட்டம் கண்டால் அந்தக் காரை அங்கேயே விடுங்கள். 'மெதுவாக ஹபரணை வரை போய் வரலாம்' என்ற பேச்சு வேண்டாம். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு வெளியே மடிந்து கார் தரையில் உட்காரும். லிங்க் ரொட் சத்தத்தோடு ஒரு மாதம் ஓடலாம், இதோடு ஒரு நாளும் ஓடக் கூடாது.

6. லிங்க் ரொட் சந்தேகம் என்றால் கழற்றிப் பாருங்கள்

மெதுவான வேகத்தில், ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழும்போது 'லொடக்' என்றால் பத்தில் ஆறு தரம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு பக்கம் ஜக் அடித்து ஆட்டிப் பார்த்தால் பிடிபடாது. ஸ்டெபிலைசர் கம்பி முறுகி லிங்கை இறுக்கிப் பிடித்துவிடும். என் விஷயத்தில் இரண்டு பேர் பார்த்து "லிங்க் நல்லா இருக்கு" என்றது இதனால்தான்.

சரியான சோதனை: இரண்டு பக்க லிங்க் ரொட்டையும் முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அதே உள்வீதியில் 20, 30இல் ஓடிப் பார்ப்பது. சத்தம் போய்விட்டால் ஆள் அகப்பட்டான். வளைவில் கார் வழமையைவிடச் சாயும், ஆகவே வேகம் வேண்டாம், பெரிய வீதியும் வேண்டாம்.

நம் ஊரில் கழற்றுவதுதான் பெரிய பாடு. உப்புக் காற்றில் நட்டு கறள் பிடித்துக் கல்லாகியிருக்கும். நடுவில் எலன் கீ போடும் ஓட்டை வழுக்கிவிட்டால் கிறைண்டரால் அறுப்பதுதான் வழி. முதல்நாள் பின்னேரமே கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். அறுக்க வேண்டி வந்தால் கூலி கூடும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

7. கராஜில் பேசுவது

"பாஸ், முன்னுக்குச் சத்தம், ஒருக்காப் பாருங்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவரைப் பக்கத்தில் இருத்தி அதே பாதையில் ஓட்டிக் காட்டுங்கள். கொப்பியைக் காட்டுங்கள். எந்தச் சாமானில் ஆட்டம் என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பாஸ் (மெக்கானிக்) கோபிக்க மாட்டார். தொட்டுக் காட்ட முடியாத ஒன்றை மாற்றச் சொன்னால் 'நாளைக்கு வாறன்' என்று சொல்லி வாருங்கள். சொக் மாற்றச் சொன்னால், எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முன்பக்கத்தை அமுக்கி விட்டால் இரண்டு மூன்று தரம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். என் பழைய சொக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. அப்போது எனக்குப் பார்க்கத் தெரியாது.

பேச வேண்டியது மூன்று: கூலி எவ்வளவு, கழற்றிய பழைய சாமான் எனக்கு வேண்டும், புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் செய்வதில்லை. சில்லு தொங்கும்போதே இறுக்கினால் புஷ் றப்பர் எப்போதும் முறுகிய நிலையில் நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல் ஜொயின்ற் நட்டுக்குப் புதிய ஸ்பிளிட் பின் போட்டார்களா என்றும் குனிந்து பாருங்கள்.

8. சாமான் வாங்கும்போது

கொண்டுபோக வேண்டியவை: பதிவுப் புத்தகத்தின் படம், என்ஜின் அறையில் இருக்கும் மொடல் தகட்டின் படம், கழற்றிய பழைய சாமான். '110 கொரோலா' என்று மட்டும் சொன்னால் போதாது. ஏஇ110, இஇ111, சிஇ110 என்று என்ஜினுக்கேற்ப வகை உண்டு, சாமானும் மாறலாம். சசி இலக்கத்தைக் கொடுத்தால் கடைக்காரர் கம்பியூட்டரில் சரியான பாட் நம்பரை எடுத்துவிடுவார்.

இந்தக் காருக்குக் கீழ் போல் ஜொயின்ற் தனியாக போல்ட்டில் கழரும், லோவர் ஆம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. தெரியாத முகமென்றால் லோவர் ஆமோடு சேர்த்துத் தலையில் கட்டுவார்கள்.

ஊர்க் கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைதான். போவதற்கு மினக்கெட வேண்டாம். படம் அனுப்பி, காசு போட்டு, இரவு பஸ்ஸில் ஏற்றச் சொன்னால் விடியக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். பகல் பன்னிரண்டுக்கு முன் சொன்னால்தான் அன்றிரவு பஸ் பிடிக்கும். பில்லில் பாட் நம்பரும், மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதும் எழுதியிருக்க வேண்டும். பாவித்த சாமானில் றப்பரும் மூட்டும் உள்ளவற்றை வாங்காதீர்கள், அது வேறொருவரின் லொடக்.

9. செலவும் நாளும்

எனக்குப் போன கணக்கு, 2025 நடுப்பகுதியில்: லிங்க் ரொட் சோடி 8,400. அறுத்துப் பூட்டிய கூலி 3,000. வளையம் 4,200. இவைதான் தேவையானவை. தேவையில்லாமல் போனது: சொக் 46,000, பலன்சிங் இரண்டு தரம் 4,000, அலைன்மென்ற் இரண்டு தரம் 7,000. உங்கள் காருக்கும் பிராண்டுக்கும் ஏற்ப மாறும். இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

காப்புறுதியில் கேட்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். தேய்மானத்துக்குக் கிடைக்காது. அதேபோல, போன மாதம்தான் புகைப் பரிசோதனை பாஸ் ஆனது, கார் நல்ல கார் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். அங்கே பார்ப்பது புகையை மட்டும், ஸ்டியரிங்கை யாரும் தொடுவதில்லை.

நாள்: தேட ஒரு காலை, சாமான் வர ஒரு இரவு, பூட்ட அரை நாள். செவ்வாய், புதனில் தொடங்குங்கள். சனி பின்னேரம் கழற்ற விட்டால், சாமான் பொருந்தாமல் போகிற அன்று கார் திங்கள் வரை ஸ்டாண்டில் நிற்கும். வெள்ளி மதியம் தொழுகைக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும், போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. பூட்டிய பிறகு

அலைன்மென்ற் கடைசி வேலை. ரை ரொட், லோவர் ஆம், சொக் எதையாவது தொட்டிருந்தால் கட்டாயம், லிங்க் ரொட் மட்டும் என்றால் தேவையே இல்லை. ஆட்டம் உள்ள மூட்டோடு அலைன்மென்ற் செய்தால் கடையை விட்டு வரும்போதே கணக்கு மாறிவிடும். முன்னும் பின்னும் உள்ள அளவுத் தாளைக் கேட்டு வாங்கி, பில்லோடு கொப்பியில் ஒட்டுங்கள்.

நூறு கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதே உள்வீதியில், அதே காலை ஆறு மணிக்கு, ஜன்னலைத் திறந்து ஒருமுறை ஓடுங்கள். எனக்கு அன்று கேட்டது வலப்பக்கத்தில் ஒரு சின்ன 'கிறீச்'. அது பொனற் பூட்டு, கொஞ்சம் கிறீஸ் பூசினேன்.